இரும்பு மனிதர்களும் கோணேசபுரிக்கு வந்த உபதேசமும்

ஆறு நாளில் ஐந்து ஆட்டம். ஐந்திலும் வெற்றி. எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 1899 நவம்பரில், அமெரிக்காவின் தென்பகுதியில், டென்னசி மாநிலத்து மலையொன்றின் மேலிருக்கும் சுவானி என்ற சின்னஞ்சிறு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் புட்போல் அணி செய்த காரியம் இது. 9ஆந் திகதி டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12–0. மறுநாள் டெக்சஸ் ஏ அன்ட் எம்மை 10–0. அதற்கு மறுநாள் நியூ ஓர்லியன்சில் டுலேனை 23–0. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. 13ஆந் திகதி லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34–0. 14ஆந் திகதி மெம்பிஸ் நகரில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தை 12–0.

வெளிநாட்டில் வாழும் திருகோணமலைப் பழைய மாணவர்கள் வெளியிட்ட மலரொன்றில் இந்தக் கணக்கைக் கட்டுரையாளர் பிழையில்லாமல் தந்திருக்கிறார். அந்த அணியை அங்கே இன்றும் இரும்பு மனிதர்கள் என்றுதான் சொல்கிறார்கள் என்பதும் சரி. இதுவரை எனக்கும் அவருக்கும் வழக்கில்லை. வழக்கு அடுத்த பந்தியில் தொடங்குகிறது.

அந்தக் காலத்து மாணவர்கள் காசை நினைக்காமல் ஆட்டத்தை மட்டும் நினைத்து ஆடினார்களாம். சுவானிக்கு ஒன்றுமே இருக்கவில்லையாம். வைராக்கியமும் ஒரு பந்தும் மட்டுமே அதைப் பல்கலைக்கழகமாக்கினவாம். நம்முடைய பிள்ளைகளோ கையில் போனோடு டச்பே கடற்கரையில் குந்தியிருந்து அரசாங்கத்தைக் குறை சொல்கிறார்களாம். ஆகவே வெளிநாட்டுத் தமிழர்கள் காசு சேர்த்து, கோணேசபுரியிலிருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் ஒரு அமெரிக்கன் புட்போல் அணியையும் அதற்கென ஒரு மைதானத்தையும் உருவாக்க வேண்டுமாம். அதன்பின் ஒழுக்கம் வரும், புகழ் வரும், புகழின் பின்னால் பல்கலைக்கழகம் வரும் என்று முடிக்கிறார்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்றால் இதுதான். ஆனால் முடிச்சு அபத்தமாக இருக்கிறது என்பது என்னுடைய முதன்மையான முறைப்பாடு அல்ல. அவர் சாட்சிக்குக் கூப்பிட்ட வரலாறே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைப் பாதியில் வாயடைத்து இருத்திவிட்டார் என்பதுதான் முறைப்பாடு.

சுவானி அணி ஏறிப்போன ரயில் ஏன் புறப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். அவர் கட்டுரையில் அது ஏதோ யாத்திரை போலப் புறப்படுகிறது. நடந்தது வேறு. சுவானியின் பரம எதிரி நாஷ்வில் நகரத்து வான்டர்பில்ட் பல்கலைக்கழகம். ஆண்டுதோறும் இரு அணிகளும் மோதும், கூட்டம் அள்ளும், வாசலில் சேரும் ரிக்கற் காசைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கில் தகராறு வந்தது. 1899இல் வான்டர்பில்ட்டோடு ஆட்டமே இல்லையென்று ஆயிற்று. அதனால் சுவானி அணியின் கையில் காசில்லை. அணியின் முகாமையாளராக இருந்தவர் லூக் லீ என்ற இருபது வயது மாணவர். போன வருமானத்தை எங்கேயாவது பிடிக்க வேண்டும் என்று, தெற்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தோடும் எழுதிப் பேசி, பயணச் செலவைக் குறைக்க ஆட்டங்களை அடுத்தடுத்த நாட்களில் நெருக்கிப் போட்டார். ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் ரயில் ஓட்டம் அது. நாளுக்கொரு ஆட்டம் என்ற அந்தப் பயங்கர அட்டவணையை வரைந்தது வாசற்காசு.

இதில் எந்த வெட்கமும் இல்லை. காசில்லாத மாணவர்கள் காசுக்கு வழி தேடினார்கள், கெட்டித்தனமாகத் தேடினார்கள். லூக் லீயை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் காசுக்காகப் போட்ட அட்டவணையைக் காசை நினையாத தவம் என்று நம்முடைய பிள்ளைகளின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

(லூக் லீ பிறகு பத்திரிகை தொடங்கினார், செனற்றர் ஆனார், முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு ஒல்லாந்தில் ஒதுங்கியிருந்த ஜேர்மன் கைசரைப் பிடித்து வரப் போனார், கடைசியில் வங்கி மோசடி வழக்கில் 1930களில் சிறைக்கும் போய் வந்தார். இதனால் அந்த அணி கெட்டது என்று நான் வாதாட வரவில்லை. கட்டுரையாளர் எழுதியதைவிட இது நல்ல கதை என்பதற்காகச் சொல்கிறேன்.)

சுவானியை விட்டு, அந்தக் காலத்துத் தென்மாநிலப் புட்போல் முழுவதையும் பார்த்தாலும் தூய்மையைத் தேடிப் பிடிக்க முடியாது. 1893 நவம்பர் 4ஆந் திகதி ஏதன்ஸ் நகரில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தோடு ஜோர்ஜியா ரெக் முதன்முதலாக மோதி 28–6 என்று வென்றது. வென்ற அணியின் பெரிய பலம் லெனார்ட் வூட். அவர் யார்? பக்கத்து முகாமிலிருந்த அமெரிக்க இராணுவ வைத்தியர். வயது 33. ஆட்டத்துக்காகவே மாணவராகப் பதிந்து, கோச்சாகவும் நின்று, தானே இறங்கி ஆடியவர். பார்த்துக்கொண்டிருந்த ஊர்ச்சனம் கல்லெறிந்தது. பின்னாளில் அமெரிக்கத் தரைப்படையின் பிரதானியாகவும் பிலிப்பைன்சின் ஆளுநர் நாயகமாகவும் ஆனார் அந்த மாணவர். நம்முடைய ஊரில் ஒரு பாடசாலை அணிக்குள் முப்பத்து மூன்று வயது மனிதரை நுழைத்தால் மலருக்குக் கட்டுரை வராது. வலயக் கல்விப் பணிமனைக்கு மனு வரும்.

அடுத்த ஆண்டு, 1894 டிசம்பரில், வான்டர்பில்ட்டின் இரசாயனப் பேராசிரியர் வில்லியம் டட்லி முன்னின்று தென்மாநிலக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் ஒன்றை அமைத்தார். எதற்கு? கல்லூரி விளையாட்டைச் சுத்தப்படுத்த. சுவானியின் புகழ்பெற்ற பயணத்துக்கு ஐந்து வருடம் முன்பே சங்கம் வைத்துக் கழுவ வேண்டிய அளவுக்கு அழுக்கு ஏறியிருந்தது. கட்டுரையாளர் எந்தப் பொற்காலத்தைக் காட்டுகிறார்?

1899ஆம் ஆண்டிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. அதே நவம்பர் முடிவில் சுவானி, ஓபர்ன் அணியை மொன்ற்கொமறி நகரில் சந்தித்தது. 11–10 என்று மயிரிழையில் வென்றது. அந்தப் பருவம் முழுவதிலும் சுவானிக்கு எதிராக யாரும் எடுத்த புள்ளிகள் அந்தப் பத்து மட்டுந்தான். தோற்ற ஓபர்னின் கோச் ஜோன் ஹைஸ்மன், இன்று அமெரிக்கக் கல்லூரிப் புட்போலின் மிகப் பெரிய விருது யார் பெயரில் இருக்கிறதோ அவர். தோல்வியை வாய்மூடி ஏற்றுக்கொண்டாரா? நடுவர்கள் அநியாயம் செய்தார்கள் என்று பேர்மிங்ஹாம் பத்திரிகைக்கு எழுதினார். நடுவரும் விடவில்லை, அதே பத்திரிகையில் பதில் எழுதினார். குறை சொல்வது நம்முடைய ஊரின் வியாதி என்று எழுதுகிறவருக்கு அந்தப் பத்திரிகைச் சண்டை கண்ணில் படாமற் போனது எப்படி? என்னைப் போன்ற எதிர்வினைக்காரருக்கு ஹைஸ்மன் ஒரு விதத்தில் மூத்தவர்.

அடுத்தது, சுவானிக்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பது. இதை வாசித்தபோது வந்தது கோபமா சிரிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தை 1857இல் தொடங்கியவர்கள் தென்மாநிலங்களின் எபிஸ்கோப்பல் பிஷப்மார். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள், அடிமைகளின் உழைப்பில் பருத்தியும் கரும்பும் விளைவித்த தோட்ட முதலாளிகள். நிறுவனர்களில் முன்னணியில் நின்ற லியோனிடஸ் போக் என்ற பிஷப், உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க எழுந்த தென்படையின் ஜெனரலாகி 1864இல் களத்தில் செத்தவர். அந்த மலைமேல் நன்கொடையாகக் கிடைத்த நிலம் பத்தாயிரம் ஏக்கர் அளவு. போரில் எல்லாம் அழிந்து, அத்திவாரக் கல்லையே வடபடையினர் வெடிவைத்துத் தகர்த்த பிறகு, இங்கிலாந்துக்குப் போய்த் திருச்சபைக்காரரிடம் காசு சேர்த்துக்கொண்டு வந்து 1868இல் வகுப்புத் தொடங்கினார்கள். பத்தாயிரம் ஏக்கரும் பிஷப்மாரும் சீமைக் காசும் வைத்திருந்தவர்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கூட இதைப் பார்த்துக் கூச்சப்படுவார்.

இனிக் கோணேசபுரிக்கு வருவோம். அங்கிருக்கும் வளாகம் 1993இல் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்தது. அந்த ஆண்டுகளை இந்தத் துறைமுக மாவட்டத்தில் வாழ்ந்து கழித்தவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பரில் கடல் ஏறியது. 2006 ஜனவரி 2ஆந் திகதி பின்னேரம் கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்டுரையாளர் இன்றைய பிள்ளைகள் குந்தியிருக்கிறார்கள் என்று பழிக்கும் அதே கடற்கரைதான். அந்தப் பக்கம் பின்னேரத்தில் பிள்ளைகளை விட வருடக்கணக்காகப் பயந்த தாய்மார் இருக்கிறார்கள். அங்கே இப்போது இளைஞர்கள் ஒன்றும் செய்யாமல் குந்தியிருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார்கள் என்றால், என் கணக்கில் அது இந்த ஊருக்குக் கிடைத்த வெற்றிகளில் ஒன்று. அதை நோயாகக் காண ஒருவர் அத்திலாந்திக்குக்கு அப்பால் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் விளையாடவில்லை என்பதும் பொய். நாலரை மணிக்கு வெயில் தாழ்ந்ததும் அதே மணலில் வந்து பாருங்கள். செருப்புகளை நாலாக வைத்துக் கோல் கம்பமாக்கி, வெறுங்காலோடு உதைபந்தாட்டம் நடக்கும். பந்து கடலுக்குப் போனால் கடைசியாக உதைத்தவனே நீந்திப் போய் எடுக்க வேண்டும். அலைக்குப் பயந்த பெடியன் பந்தை நிலத்தோடு உருட்டிக் கொடுக்கப் பழகிவிடுவான். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் மைதானத்திலும் ஆட்டம் இல்லாத வார இறுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் உதைபந்தாட்டம் என்றால் ஊரே வந்து நிற்கும். இவ்வளவும் நடக்கும் மாவட்டத்தைப் பார்த்து, விளையாட்டுணர்வு இல்லாத மண் என்று எழுதியிருக்கிறார்.

துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது, சீனக்குடாவில் விமானப்படை இருக்கிறது, ஆகவே ஒழுக்கம் இந்த மண்ணில் ஊறியிருக்கிறது, அதைப் புட்போலுக்குத் திருப்பினால் போதும் என்ற அவருடைய வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இருந்தது. அதன் பின் நம்முடையது. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே இன்றும் இராணுவம் இருக்கும் பிரட்றிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. சீருடையின் அருகாமை ஒழுக்கம் தரும் என்றால் உலகத்திலேயே ஒழுக்கமான ஊர் நாங்களாக இருந்திருப்போம்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு மனிதர்கள் பட்ட பயணக் கஷ்டத்தை அவர் உருகி உருகி எழுதியிருக்கிறார். அவர்கள் போனது படுக்கை வசதியுள்ள புல்மன் பெட்டியில். குடிக்கத் தங்கள் மலை ஊற்றுத் தண்ணீரையே பீப்பாய்களில் கொண்டு போனார்கள். வீரர்களின் சப்பாத்துகளை ஸ்ரேசனிலேயே மறந்துவிட்டு வந்து, பிறகு அடுத்த ரயிலில் அனுப்பச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் உண்டு. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு மெயிலில், மூன்றாம் வகுப்பில் நிமிர்ந்தபடி இருந்து போய், விடிய இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போன நம்முடைய பாடசாலை அணிகள் எத்தனை! அவர்களுக்கு யாரும் இரும்பென்று பட்டம் கொடுக்கவில்லை. தோற்றுத் திரும்பினால் பட்டம் வேறு விதமாக இருக்கும்.

இன்று லட்சம் பேர் அரங்கை நிறைக்கும் டெக்சஸ், லூசியானா போன்ற பூதங்களை ஒரு குட்டிப் பல்கலைக்கழகம் வீழ்த்தியது என்பது கட்டுரையின் உச்சக்கட்டம். 1899இல் அந்தப் பூதங்களின் வயதென்ன? டெக்சஸ், டுலேன், லூசியானா, மிசிசிப்பி நான்கும் புட்போல் தொடங்கியது 1893இல். டெக்சஸ் ஏ அன்ட் எம் 1894இல். லூசியானாவுக்குப் பந்து கற்றுக் கொடுத்தவர் ஓர் இரசாயனப் பேராசிரியர். மிசிசிப்பிக்கு ஒரு லத்தீன் பேராசிரியர். சுவானி 1891இலேயே தொடங்கிவிட்டது. மூத்தவன் இளையவர்களை அடித்துவிட்டு வந்த கதை இது. நல்ல அடிதான், சந்தேகமில்லை. ஆனால் தாவீதும் கோலியாத்தும் இங்கே இல்லை.

இதுவரை சொன்னவை வரலாற்றைத் திரித்த குற்றம். இனிச் சொல்லப்போவது அதைவிடப் பெரியது. ஆபத்தை ஒளித்த குற்றம்.

அந்தக் காலத்து ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முன்னோக்கிப் பந்தெறிய அனுமதியில்லை. அது 1906இல்தான் வந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து யார் நகர வேண்டும். ஆகவே பந்து வைத்திருப்பவனைச் சுற்றித் தன் அணியே கும்பலாகப் பிணைந்து, எதிரணியின் நடுவிலே போய் முட்டும். பந்துக்காரனைத் தன் ஆட்களே பிடித்து இழுத்துச் செல்வதற்கு வசதியாகக் காற்சட்டையில் தோற்பிடி தைத்துக்கொண்ட அணிகளும் இருந்தன. தலைக்கவசம் கட்டாயமில்லை. தலையைக் காக்கப் பலர் மயிரை நீளமாக வளர்த்தார்கள். மூக்குக்கு ஒரு ரப்பர் மூடி, அதுவும் எல்லாருக்கும் இல்லை. அடிபட்டு வெளியே போனவன் திரும்ப வரமுடியாது என்பதால், எலும்பு முறிந்தாலும் நிற்பதுதான் ஆண்மை என்று பழக்கினார்கள். கட்டுரையாளர் மெச்சும் இரும்பு அந்தப் பழக்கத்தில் வார்த்தது.

1897 ஒக்டோபர் 30ஆந் திகதி அட்லாண்டாவில் வேர்ஜினியாவுக்கு எதிராக ஆடிய ஜோர்ஜியா பல்கலைக்கழக மாணவன் றிச்சர்ட் வொன் கமன் அப்படியொரு மோதலில் தலையில் அடிபட்டு விழுந்தான். அடுத்த நாள் விடிவதற்குள் இறந்தான். மாநிலச் சட்டசபையின் இரு அவைகளும் புட்போலைத் தடைசெய்யும் சட்டத்தை மிகப் பெரிய பெரும்பான்மையால் நிறைவேற்றின. இறந்த பிள்ளையின் தாயே, தன் மகனின் பெயரால் அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று கேட்டு எழுதினார். ஆளுநர் அற்கின்சன் கையெழுத்துப் போடவில்லை. சட்டம் விழுந்தது, ஆட்டம் பிழைத்தது. அந்தத் தாயின் முடிவை நான் விமர்சிக்கத் தகுதியற்றவன். ஆனால் சுவானியின் பயணத்துக்கு இரண்டே வருடம் முன்பு, அடுத்த மாநிலத்தில், தென்மாநிலப் புட்போலையே ஒழித்துவிடப் பார்த்த ஒரு மரணத்தை, அந்தப் பருவங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஒருவர் ஒரு வரியிலும் தொடாமல் விட்டது தற்செயலா?

1905இல் நாடு முழுவதும் ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேராவது இறந்தார்கள். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துங்கள் என்றார். அதன் பின்தான் விதிகள் மாறின. மாறியும் முடியவில்லை. 2017இல் பொஸ்ரன் ஆய்வாளர்கள், இறந்துபோன தொழில்முறைப் புட்போல் வீரர்கள் 111 பேரின் மூளைகளைச் சோதித்தார்கள். 110இல், திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் மூளைச் சிதைவு இருந்தது. குடும்பத்தார் சந்தேகத்தின் பேரில் கொடுத்த மூளைகள் அவை. எல்லா வீரருக்கும் இந்த விகிதம் பொருந்தும் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நிலாவெளி வீதியிலுள்ள ஒரு வளாகத்தில், சித்த மருத்துவமும் கணினியும் படிக்க வந்த பிள்ளைகளின் தலையை இந்த ஆட்டத்தில் கொண்டுபோய் முட்ட விட வேண்டும் என்று கேட்கிறவர், ஒரு தலைக்கவசம் என்ன விலை, அடிபட்டால் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்வியையாவது தானே கேட்டிருக்க வேண்டாமா? மைதானத்தின் நீள அகலத்தைக்கூடத் தந்திருக்கிறார். அம்புலன்சைக் காணோம்.

பெண் பிள்ளைகளையும் காணோம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இன்று ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வளாகத்தை உயர்த்தப் போகிற திட்டத்தில் அவர்களுக்கு என்ன இடம்? கைதட்டவா?

புட்போல் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது என்ற தூணும் மிஞ்சியிருக்கிறது. அதைச் சுவானியே விழுத்திவிட்டது. 1932இல் தென்கிழக்கு லீக் என்ற பெரிய போட்டிக் கூட்டு உருவானபோது சுவானியும் நிறுவன உறுப்பினராகச் சேர்ந்தது. அலபாமா, டென்னசி, லூசியானா என்று பெரிய பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களோடு எட்டுப் பருவம் ஆடியது. அந்த லீக்கில் எத்தனை ஆட்டம் வென்றது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. 37 தோல்விகள். 1940இல் துணைவேந்தர் அலெக்சாண்டர் கெரி ஒரு முடிவெடுத்தார்: லீக்கை விட்டு விலகுவது, விளையாட்டுக்காகக் கொடுக்கும் புலமைப்பரிசிலை நிறுத்துவது. சுவானி விலகியது. செத்தா போனது? இன்றும் அமெரிக்காவில் மதிக்கப்படும் கல்லூரிகளில் அது ஒன்று. அதற்கு அந்த மதிப்பைக் கொடுத்தவற்றுள் ஒன்று, 1892இல் அங்கே தொடங்கி இன்றுவரை நிற்காமல் வெளிவரும் ‘சுவானி றிவியூ’ என்ற இலக்கியக் காலாண்டிதழ். நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் தன் எழுத்துகளின் உரிமையை எழுதிவைத்ததும் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான்.

இரும்பு மனிதர்களின் ரயில் புறப்பட்டபோது அந்த இதழுக்கு ஏழு வயது. இரண்டும் ஒரே மலையிலிருந்து புறப்பட்டவை. ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுவுக்கு முன்பே தடம் மாறியது. மற்றது இன்னும் ஓடுகிறது. சுவானியைப் பார்த்து நாம் ஏதாவது செய்ய வேண்டும் என்றால், முதலில் வரவேண்டிய யோசனை கோணேசபுரியிலிருந்து ஒரு நல்ல தமிழ்க் காலாண்டிதழ் அல்லவா? ஐயாவுக்கு அது தோன்றவில்லை. இதழுக்குக் காலரி இல்லை. காலரி இல்லாவிட்டால் பெயர் பொறிக்க முடியாது.

அமெரிக்கன் புட்போல் இந்தத் தீவில் வேரூன்றும் என்பதற்கு, 2012இல் கொழும்பு சுகததாச அரங்கில் அது ஆடப்பட்டதை ஆதாரமாகக் காட்டுகிறார். ஆடப்பட்டது உண்மை. இந்திய எலீற் புட்போல் லீக் என்று அமெரிக்க முதலீட்டாளர்களும் பழைய நட்சத்திரங்களும் சேர்ந்து தொடங்கிய கம்பனி அது. கொழும்பின் பெயரில் ஒரு சிங்க அணி, சென்னையின் பெயரில் ஓர் அணி என்று பட்டியல் போட்டார்கள். ஆட்களைப் பெரும்பாலும் றக்பி மைதானங்களிலிருந்து பிடித்து, கவசம் மாட்டி இறக்கினார்கள். இறுதியாட்டத்தில் புனே அணி டெல்லியை 6–0 என்று வென்றது. அதைப் பற்றிப் பேசிய ஒருவரையாவது இந்தப் பதின்சொச்சம் வருடத்தில் திருகோணமலைத் தேநீர்க்கடையில் நான் சந்தித்ததில்லை. தொலைக்காட்சிக்காகத் தயாரித்த ஒரு பருவத்தை வேர் என்று அழைத்தால், நம்முடைய கோயில் திருவிழாவுக்கு வந்து போகும் ராட்டினத்தையும் வேரூன்றிய தொழில் என்று சொல்லலாம்.

கடைசியாக, அவர் கட்டுரையில் முற்றாக இல்லாத ஒரு கூட்டம். அவர் வர்ணிக்கும் தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் அத்தனையிலும் அந்தக் காலத்தில் கறுப்பின மாணவன் ஒருவன் கால் வைக்க முடியாது. தென்கிழக்கு லீக்கில் ஒரு கறுப்பின வீரர் முதன்முதலாகப் புட்போல் ஆடியது 1967இல். கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தின் நேற் நோர்திங்ரன். திருகோணமலைத் தமிழர் ஒருவர் 1899இல் சுவானி மலையேறியிருந்தால் எந்த வாசலால் அனுப்பியிருப்பார்கள் என்று கட்டுரையாளர் ஒருதரம் யோசித்திருக்கலாம்.

அந்தக் காலத்திலேயே வேறொரு புட்போல் இருந்தது. 1892 டிசம்பர் 27ஆந் திகதி, வட கரோலினாவின் சோல்ஸ்பரி நகரில், கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளான பிடிலும் லிவிங்ஸ்ரனும் மோதின. கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் புட்போல் ஆட்டம் அது. லிவிங்ஸ்ரன் மாணவர்கள் தாங்களே காசு போட்டு ஒரு பந்து வாங்கினார்கள். சீருடையைக் கல்லூரியின் தையற் பிரிவுப் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். நாளாந்தம் போடும் சப்பாத்திலேயே அடியில் ஆணிக்கட்டை அடித்து ஆடினார்கள். ஆடி முடிந்ததும் கழற்றினார்கள். இரண்டாம் பாதியில் பனி கொட்டி எல்லைக்கோடுகளை மூடியது. கைநழுவிய பந்தை எடுத்து லிவிங்ஸ்ரனின் றென்ற் ஓடிப் போட்டார். அது எல்லைக்கு வெளியே என்று பிடில்காரர் வாதாட, நடுவர் அவர்கள் பக்கம் தீர்த்தார். பிடில் வென்றது. பின்னாளில் றென்ற் அதே லிவிங்ஸ்ரன் கல்லூரியின் தலைவராகி முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார்.

பத்தாயிரம் ஏக்கரில்லை, தோட்ட முதலாளிகளில்லை, புல்மன் பெட்டியில்லை. ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்களைத்தான் கட்டுரையாளர் தேடினார் என்றால் அவர்கள் இங்கே இருந்தார்கள், சுவானியின் பயணத்துக்கு ஏழு வருடம் முன்னரே, அதே தென்பகுதியில். அவர் அவர்களைத் தாண்டிப் போய்த் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளிடம் வைராக்கியம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

காசு சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சேருங்கள், தாராளமாக. ஆனால் மைதானத்தின் படத்தை வரைவதற்கு முன் வளாகத்துக்கு ஒருதரம் நேரே வந்து, அங்கே படிக்கும் பிள்ளைகளிடம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம், என்ன தேவை என்று கேளுங்கள். விடுதியா, நூலகத்துக்குப் புத்தகமா, இரவில் வீதி விளக்கா, இருக்கிற உதைபந்தாட்ட அணிக்கு நல்ல சப்பாத்தா என்று அவர்கள் சொல்வார்கள். கேட்டு எழுதிக்கொண்டு போய் அடுத்த மலரில் போடுங்கள். அதிலும் பிழை விட்டால் பதில் எழுத நான் இங்கேதான் இருக்கிறேன்.